சார் உள்ளேதான் இருக்கிறார்

புதிய மேனேஜர் வந்து சேர்ந்த வாரத்திலேயே அது தொடங்கிவிட்டது. காலைத் தேநீர் நேரம். அவர் தன் அறையில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கிள்ளானிலிருந்து உரம் விற்கும் ஆள் ஒருவர் தொலைபேசியில் அவரைக் கேட்டார். நான் கதவருகே போய்ச் சொன்னேன்.

"நான் இல்லேன்னு சொல்லிடுங்க" என்றார்.

மேசைக்குத் திரும்பி வந்து, "சார் இப்ப பேச முடியாதுங்க. நாளைக்குக் கூப்பிட்டுப் பாருங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன். என் மேசைக்கும் அவர் அறைக்கும் நடுவே பாதிக் கண்ணாடி போட்ட பலகைத் தடுப்புதான். நான் பேசியது அவருக்குக் கேட்டிருந்தது. கையைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தார்.

"இல்லேன்னுதானே சொல்லச் சொன்னேன்?"

"இருக்கீங்களே சார்."

எதிர்த்துப் பேசும் எண்ணம் எனக்கு இல்லை. வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை, அவ்வளவுதான். அவர் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டுச் சிரித்தார். ஏதோ வேடிக்கைக்குச் சொல்கிறேன் என்று நினைத்திருப்பார்.

ரந்தாவிலிருந்து உள்ளே பிரியும் சாலையில், எண்ணெய்க்காகச் செம்பனை வளர்க்கிற தோட்டம் அது. தொலைபேசி, கடிதங்கள், வெளிநாட்டுத் தொழிலாளர்களின் பெர்மிட் புதுப்பிப்பு எல்லாம் என் பொறுப்பு. தோட்டத்தில் பிறந்தவள்தான் நான். கல்யாணத்துக்குப் பிறகு பாரோயில் குடியேறி, தினமும் காலையில் காரை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்கே வேலைக்குத் திரும்பி வருகிறவள். முன்பிருந்த மேனேஜர் பெரும்பாலும் ஆபிஸ் பக்கமே வர மாட்டார். அதனால் "சார் இல்லீங்க" என்று நான் சொன்னதெல்லாம் உண்மையாகவே இருந்தது. எனக்கு இப்படியொரு கட்டுப்பாடு இருப்பது யாருக்கும் தெரிய வாய்ப்பே வரவில்லை.

கட்டுப்பாடு என்று சொன்னேன். அது வந்த விதம் அவ்வளவு பெருமையானதல்ல. நாங்கள் கத்தோலிக்கர்கள். பாரோயில் எங்கள் அன்பியத்துக் குடும்பங்கள் மாதம் ஒரு வீட்டில் கூடி ஜெபம் சொல்வோம். ஒரு தவக்காலத்தில், ஆளுக்கொன்றை ஈஸ்டர் வரை விட்டுவிடுவது என்று பேசிக்கொண்டோம். ஒருத்தி இறைச்சியை விட்டாள். இன்னொருத்தி தொலைக்காட்சித் தொடரை விட்டாள். எனக்கு எதையும் விட மனமில்லை. தேநீர்கூட விட முடியாது என்று தோன்றியது. என் முறை வந்தபோது, "நான் பொய் பேசாம இருக்கேன்" என்று சொல்லிவிட்டேன். நான் பெரிதாகப் பொய் பேசுகிற ஆள் இல்லை என்பது என் நினைப்பு. ஒன்றையும் விடாமல் தப்பித்துக்கொண்டதாக உள்ளுக்குள் சந்தோஷம்.

மறுநாள் காலையிலேயே தெரிந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த குழம்பு எப்படி இருந்தது என்று கேட்டார். மாமியார் தொலைபேசியில், சாப்பிட்டாயா என்றார். பிள்ளையின் வகுப்பாசிரியர், நேற்று ஏன் பிள்ளை வரவில்லை என்றார். ஒவ்வொன்றுக்கும் என் வாயில் தயாராக ஒரு பதில் இருந்தது, ஒவ்வொன்றும் பொய்யாக இருந்தது. ஈஸ்டர் வந்தது, இறைச்சியை விட்டவள் ஆட்டுக்கறி சமைத்தாள். எனக்கு மட்டும் பழையபடி திரும்பிப் போக முடியவில்லை. கடவுள் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பதைச் சின்ன வயதிலிருந்து சொல்லி வந்திருக்கிறேன். அந்த நாற்பது நாளில்தான் அது எனக்கு மெய்யாகவே உறைத்தது. உறைத்த பிறகு உறைக்காததுபோல் இருக்க வரவில்லை.

மேனேஜர் அடுத்த முறை சிரிக்கவில்லை. அதற்கடுத்த முறை ஆபிஸின் தலைமை எழுத்தரான பெரிய கிராணியைக் கூப்பிட்டு, எனக்கு எடுத்துச் சொல்லும்படி சொன்னார். பெரிய கிராணி ஓய்வு பெறப் போகிற வயதுக்காரர், மென்மையானவர். என் மேசைக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இதுக்குப் பேரு பொய் இல்லம்மா, ஆபிஸ் பாஷ. சார் உள்ளதான் இருக்காருன்னு உனக்கும் தெரியும், கூப்பிடுறவனுக்கும் தெரியும். இதுல யாரு யார ஏமாத்துனா?"

"அவருக்கும் தெரியும்னா இருக்காருன்னே சொல்லிடலாமே அண்ணே."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு எழுந்து போய்விட்டார்.

மேனேஜரைக் கெட்டவர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. யாழ்ப்பாணத்திலிருந்து குமாஸ்தா வேலைக்கு வந்த குடும்பத்தின் மூன்றாம் தலைமுறை அவர். காலையில் நெற்றியில் திருநீறு இல்லாமல் வந்ததில்லை, வெள்ளிக்கிழமை சைவம். தொழிலாளி எவருக்காவது உடம்பு சரியில்லை என்றால் தன் காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போவார். என்னையும் ஒருநாள்கூட மரியாதைக் குறைவாகப் பேசியதில்லை. அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். பேசப் பிடிக்காத அழைப்பு வந்தால், அறையை விட்டு இறங்கி, ஆபிஸுக்கு முன்னால் இருக்கும் ஜம்பு மரத்தடியில் போய் நின்றுகொள்வார். அங்கிருந்தே என்னைப் பார்த்துத் தலையை ஆட்டுவார். நான், "சார் வெளியில இருக்காருங்க" என்பேன்.

கொஞ்ச நாள் அப்படி ஓடியது. பிறகு அதுவும் என்னை உறுத்த ஆரம்பித்தது. பாவசங்கீர்த்தனத்தில் ஃபாதரிடம் இதைச் சொன்னேன். தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து அவர் குரல் வந்தது.

"அந்த மரம் ஆபிஸ்லேருந்து எவ்வளவு தூரம்?" என்று கேட்டார்.

"பக்கந்தான் ஃபாதர்."

அவர் இருமினாரா சிரித்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஒரு 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் சொல்லச் சொல்லி அனுப்பிவிட்டார்.

ஒரு நாள் காலையில் வட்டார அலுவலகத்திலிருந்து பெரிய அதிகாரி கூப்பிட்டார். மேனேஜர் தோட்டத்தில் இருக்கிறாரா என்று நேராகக் கேட்டார். சார் சிரம்பானில் தன் மகனுடைய பள்ளி விளையாட்டுப் போட்டிக்குப் போயிருந்தார், விடுப்பு எழுதிக் கொடுக்காமல். "இல்லீங்க சார், சிரம்பான் போயிருக்கார்" என்றேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. ஆனால் அது போதுமாக இருந்தது. மத்தியானம் திரும்பி வந்த மேனேஜரின் முகம் சிவந்திருந்தது.

"ஒரு வார்த்த. ஃபீல்டுல இருக்காருன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும்."

"மன்னிச்சிருங்க சார்."

"மன்னிப்பு கேக்குறீங்க. நாளைக்கும் இதேதானே செய்வீங்க?"

"ஆமா சார்."

அன்றிலிருந்து அவர் எங்கே போகிறார் என்பதை என்னிடம் சொல்வதை நிறுத்திவிட்டார். யார் கேட்டாலும் "தெரியாதுங்க" என்று சொல்வேன். அது எங்கள் இருவருக்குமே பொருந்திப் போனது. ஆனால் மற்றவர்களும் அப்படியே செய்ய ஆரம்பித்தார்கள். நான் தேநீர் அறைக்குள் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். பெரிய கிராணியின் பிறந்தநாளுக்கு அவருக்குத் தெரியாமல் கேக் வாங்கி வைத்ததை என்னிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. மெழுகுவத்தி ஏற்றும்போதுதான் எனக்குத் தெரிந்தது. கணக்குப் பிரிவில் இருந்த இளம்பெண், "அக்கா ரொம்ப ஹோலி லா, சொன்னா வெளியில வந்துரும்" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவும்போது கொஞ்சம் அழுதேன். கணவர் செனவாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறார். அவர், "நீ ஆபிஸுக்கு வேலைக்குப் போறியா, சாட்சி சொல்லப் போறியா?" என்று கேட்டார். கேலிதான்.

இதெல்லாம் சின்ன விஷயங்கள். கையுறை விஷயம் அப்படி இல்லை.

எங்கள் தோட்டத்தில் பழம் அறுப்பதெல்லாம் இந்தோனேசியர்களும் வங்காளதேசத்துக்காரர்களும்தான். மருந்தடிக்கிற வேலையில் மட்டும் தமிழ்ப் பெண்கள் சிலர் இன்னும் இருந்தார்கள். ரந்தாவில் மலிவு விலை வீடுகளில் குடியிருந்தார்கள், காலையில் லாரியில் வருவார்கள். முதுகில் பம்பைச் சுமந்துகொண்டு செம்பனையின் அடியில் களைக்கொல்லி அடிக்க வேண்டும். கையில் கிளவ்ஸ், முகத்துக்கு மாஸ்க், கண்ணுக்குக் கண்ணாடி எல்லாம் கம்பெனி கொடுக்க வேண்டியவை. அந்த வருஷம் கிளவ்ஸ் வந்து சேரவில்லை. மேனேஜர் தலைமை அலுவலகத்துக்கு எழுதச் சொன்னார், எழுதினேன். மறுபடியும் எழுதச் சொன்னார். அவரே தொலைபேசியில் கத்தியதையும் கேட்டிருக்கிறேன். பணம் ஒதுக்கவில்லை, பொறுங்கள் என்றுதான் பதில் வந்தது. பெண்கள் பழைய கிளவ்ஸையே போட்டுக்கொண்டார்கள். அவர்களில் மூத்தவரை நாங்கள் எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். கிழிந்த கிளவ்ஸுக்குள்ளே ரொட்டி வரும் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொண்டு அவர் பம்பைத் தூக்குவதை நான் ஆபிஸ் ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறேன்.

அந்தச் சமயத்தில், எங்கள் எண்ணெயை வாங்குகிற ஐரோப்பியக் கம்பெனி ஒன்றின் சார்பாகத் தோட்டத்தைப் பார்வையிட ஒரு பெண் வரப்போவதாகத் தகவல் வந்தது. அவர் எழுதும் அறிக்கையைப் பொறுத்துத்தான் எண்ணெய் விற்பதற்கான சர்ட்டிஃபிகேட் தொடரும். மேனேஜர் ஆபிஸ் ஆட்களையும் வேலையை மேற்பார்க்கும் மண்டோர்களையும் கூப்பிட்டுப் பேசினார். மிரட்டவில்லை. தன்மையாகத்தான் பேசினார்.

"நாம ஒரு குடும்பம் மாதிரி. வீட்டுக்குள்ள ஆயிரம் இருக்கும். விருந்தாளி வந்தா அத முன்னாடி எடுத்து வச்சுப் பேசுவோமா? கிளவ்ஸ் வரும். நான் வாங்கித் தர்றேன். அது என் பொறுப்பு. அவங்க போற வரைக்கும் கொஞ்சம் பாத்து நடந்துக்குங்க."

எல்லோரும் தலையை ஆட்டினார்கள். எனக்கும் அதில் நியாயம் இருப்பதாகவே பட்டது. என் வீட்டுச் சண்டையை நான் விருந்தாளியிடம் சொல்வேனா? மாட்டேன்.

வருகிற பெண்ணுக்கு ஆங்கிலம்தான் தெரியும். அவர் கூட்டி வரும் மொழிபெயர்ப்பாளருக்குத் தமிழ் தெரியாது. மருந்தடிக்கும் பெண்களிடம் பேச ஆபிஸிலிருந்து ஒருவர் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். ஆங்கிலம் ஓரளவு சரளமாகப் பேசுகிறவள் நான்தான் என்பதால் மேனேஜர் என் பெயரைக் கொடுத்துவிட்டார். நான் அவர் அறைக்குப் போனேன்.

"சார், வேற யாரையாச்சும் போடுங்களேன்."

"வேற யாரு இருக்கா?"

"நான் அவங்க என்ன சொல்றாங்களோ அத அப்படியேதான் சொல்வேன் சார். கூட்டவோ கொறைக்கவோ மாட்டேன்."

"அதுதான் எனக்கு வேணும். அப்படியே சொல்லுங்க, போதும்" என்றார். அவர் குரலில் எந்தக் கலக்கமும் இல்லாதது எனக்கு வியப்பாக இருந்தது.

அந்தப் பெண் வந்த நாள் நல்ல வெயில். நல்ல உயரம், முகமெல்லாம் சிவந்து, காலில் கனமான பூட்ஸ். முன்பு தொழிலாளர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையாக இருந்த கட்டடத்தில் பெஞ்சு போட்டு வைத்திருந்தார்கள். மேனேஜரும் மண்டோரும் உள்ளே இருக்கக் கூடாது என்று அந்தப் பெண் சொல்லிவிட்டதால் அவர்கள் போய்விட்டார்கள். மருந்தடிக்கும் பெண்கள் ஒரு பக்கம், அவர் எதிர்ப் பக்கம், நடுவில் நான்.

முதலில் சாதாரணக் கேள்விகள். எத்தனை வருஷமாக வேலை, தண்ணீர் வசதி உண்டா, மருத்துவப் பரிசோதனைக்குக் கூட்டிப் போகிறார்களா. நான் தமிழில் கேட்டேன், அவர்கள் சொன்னதை ஆங்கிலத்தில் சொன்னேன். பிறகு கிளவ்ஸ் பற்றிக் கேட்டார்.

அக்காதான் பதில் சொன்னார். "அதெல்லாம் மாசா மாசம் குடுத்துடுறாங்க. கிளிஞ்சா உடனே மாத்திக் குடுப்பாங்க. ஒரு கொறையும் இல்ல."

என்னைப் பார்க்காமல், நேராக அந்தப் பெண்ணைப் பார்த்துச் சொன்னார். மற்ற பெண்களும் ஆமாம் என்றார்கள். மேனேஜர் ஏன் கலங்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. மண்டோர் முதலிலேயே வந்து பேசிவிட்டுப் போயிருந்தார்.

நான் வாக்குக் கொடுத்திருந்தேன், கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன் என்று. அக்கா சொன்னதை வார்த்தைக்கு வார்த்தை ஆங்கிலத்தில் சொன்னேன். மாதாமாதம் கொடுக்கிறார்கள். கிழிந்தால் உடனே மாற்றிக் கொடுக்கிறார்கள். ஒரு குறையும் இல்லை. என் நாக்கு மொழிபெயர்த்துக்கொண்டிருந்தது. இது என் பொய் இல்லை என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். என் வாயிலிருந்துதான் வந்தது என்றும் தோன்றியது. அந்தப் பெண் குனிந்து எழுதிக்கொண்டார்.

மாஸ்க் பற்றிக் கேட்டார், கண்ணாடி பற்றிக் கேட்டார். எல்லாவற்றுக்கும் நல்ல பதில். பேனாவை மூடினார். முடிந்துவிட்டது என்று மூச்சு விட்டேன். அப்போது அவர் என்னைப் பார்த்து, "நீங்கள் ஆபிஸில் வேலை செய்கிறவர்தானே? நீங்கள் பார்த்த வரையில் இதெல்லாம் சரியா?" என்று கேட்டார்.

பெண்கள் பக்கம் திரும்பினேன். அவர்களுக்கு முன்னால் நடக்கும் பேச்சு அவர்களுக்குப் புரியாமல் போகக் கூடாது என்று பட்டது.

"அக்கா, இப்ப என்னையக் கேக்குறாங்க. நீங்க சொன்னதெல்லாம் சரிதானான்னு."

அக்காவின் முகம் இறுகியது. "ஆமான்னு சொல்லு தங்கச்சி. போனஸ் வர்ற நேரம். கெடுத்துராத."

"அவர் என்ன சொன்னார்?" என்றார் அந்தப் பெண்.

அக்கா சொன்னதை மொழிபெயர்த்தால் அவரைக் காட்டிக் கொடுத்ததாகிவிடும். வேறு எதையாவது சொன்னால் பொய். வெளியே யாரோ மோட்டார் சைக்கிளைக் கிளப்பிக்கொண்டிருந்தார்கள், அது கிளம்பாமல் இருமிக்கொண்டே இருந்தது. அது அடங்கும் வரை காத்திருந்தேன்.

"அது அவர் எனக்குச் சொன்னது, உங்களுக்கு இல்லை. அதை மொழிபெயர்க்க வேண்டாம் என்று நினைக்கிறேன்" என்றேன். "நீங்கள் என்னைக் கேட்டதற்கு நான் பதில் சொல்கிறேன். கொஞ்ச காலமாகப் புது கிளவ்ஸ் வரவில்லை. மேனேஜர் பல தடவை கேட்டு எழுதியிருக்கிறார், அந்தக் கடிதங்களை அடித்தது நான்தான். இன்னும் வரவில்லை. மற்றவை அவர்கள் சொன்னபடிதான்."

பிறகு நான் சொன்னதைத் தமிழில் பெண்களுக்குச் சொன்னேன். ஒருத்தி தலை குனிந்துகொண்டாள். அக்கா எழுந்து, முந்தானையை உதறிக்கொண்டு வெளியே போனார்.

அந்தப் பெண் சொல்லி மேனேஜருக்குத் தெரியக் கூடாது என்று நினைத்தேன். நேராக அவர் அறைக்குப் போய் நடந்ததைச் சொன்னேன், அக்கா என்னிடம் சொன்னதைத் தவிர. அவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து கேட்டார்.

"நான் உங்களுக்கு என்ன கெட்டது செஞ்சேன்?"

"ஒண்ணுமே செய்யல சார்."

"உங்களுக்குக் கடவுள் இருக்காரு. எனக்கும் இருக்காரு. உங்க கடவுள் பொய் சொல்லாதங்குறாரு. என் கடவுள் என் ஆளுங்களக் காப்பாத்துன்னு சொல்றாரு. இந்த சர்ட்டிஃபிகேட் போச்சுன்னா முதல்ல வேல போறது அந்தப் பொம்பளைங்களுக்குத்தான். அத யோசிச்சீங்களா?"

"யோசிச்சேன் சார்."

"யோசிச்சுமா?"

"அவங்க என்னையக் கேக்காம இருந்திருந்தா நான் வாயத் திறந்திருக்க மாட்டேன் சார்."

அவர் கையால் போகச் சொல்லிச் சைகை காட்டினார். நான் என் மேசைக்கு வந்து உட்கார்ந்தேன். அன்று மாலை வரை அவர் யாருடைய அழைப்பையும் எடுக்கவில்லை, மரத்தடிக்கும் போகவில்லை. நான் எல்லோரிடமும், "சார் உள்ளேதான் இருக்காரு, பேசுற மனநிலையில இல்லீங்க" என்றேன்.

மறுநாள் காலையில் அக்கா என்னைப் பெரட்டுக் களத்தில் வழிமறித்தார். ஆட்களெல்லாம் பேர் கொடுத்துவிட்டு லாரியில் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

"கிளவ்ஸ் இல்லாம அடிச்சது என் கை. எரிஞ்சது என் கை. அத வெளிய சொல்றதா வேணாமான்னு நாந்தானே முடிவு பண்ணணும்? நீ யாரு நடுவுல?"

"என்னையக் கேட்டாங்கக்கா."

"கேட்டா? தெரியாதுன்னு சொல்ல வேண்டியதுதானே. சார் எங்கன்னு கேட்டா மட்டும் தெரியாதுன்னு சொல்றியே."

சார் போகும் இடம் எனக்கு உண்மையிலேயே தெரியாது, கிளவ்ஸ் விஷயம் தெரியும் என்று சொல்லியிருக்கலாம். அது சட்டம் பேசுவதுபோல் இருந்திருக்கும். அக்கா சொன்னதில் ஒரு பாதி சரி என்று எனக்குத் தெரிந்தது. அந்தப் பாதி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அக்கா லாரியில் ஏறிக்கொண்டார். அதற்குப் பிறகு வெகுநாள் அவர் என்னிடம் பேசவில்லை.

சர்ட்டிஃபிகேட் போகவில்லை. குறையைச் சரிசெய்யக் கெடு கொடுத்து ஒரு அறிக்கை வந்தது. அது நேராகத் தலைமை அலுவலகத்துக்குப் போனதால், இத்தனை நாள் இல்லாத பணம் எங்கிருந்தோ வந்து, பெட்டி பெட்டியாகக் கிளவ்ஸ் வந்து இறங்கியது. போனஸும் வழக்கம்போல் வந்தது. இதை நான் எனக்குச் சாதகமாகச் சொல்லிக்கொள்ள விரும்பவில்லை. சர்ட்டிஃபிகேட் போய்விட்டால் என்ன ஆகும் என்பதை நினைத்து, அறிக்கை வரும் வரை நான் சரியாகச் சாப்பிடவில்லை.

அடுத்த மாதம் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, தோட்டத்தின் மறுகோடியில் இருக்கும் டிவிஷன் ஆபிஸுக்கு மாற்றியிருப்பதாகச் சொன்னார். அங்கே தொலைபேசி அதிகம் அடிக்காது. "உங்களுக்கு அங்க நிம்மதியா இருக்கும்" என்றார். தண்டனையா அக்கறையா என்று நான் கேட்கவில்லை. அவருக்கே தெளிவாகத் தெரிந்திருக்குமா என்பதும் சந்தேகம்தான். கணக்குப் பிரிவுப் பெண் என் மேசைக்கு வந்தாள். "பாஸ் இல்லீங்க, மீட்டிங் போயிட்டாரு" என்று அவள் இனிமையாகச் சொல்வது, நான் என் பொருட்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருக்கும்போதே காதில் விழுந்தது.

டிவிஷன் ஆபிஸில் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. தனிமையாகவும் இருந்தது. மழைக்காலத்தில் ஒரு நாள் பெண்களை ஏற்றிப் போகும் லாரி சேற்றில் மாட்டிக்கொண்டது. மற்றவர்கள் டிராக்டரில் ஏறிப் போய்விட்டார்கள். அக்கா மட்டும் முட்டி வலி என்று தாழ்வாரத்தில் நின்றார். நான் காரைக் கொண்டுவந்து நிறுத்திக் கதவைத் திறந்தேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு ஏறினார். ரந்தாவ் சந்தி வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.

"நான் பேசலன்னு வருத்தப்பட்டியா?" என்றார் திடீரென்று.

"பட்டேங்கக்கா."

"படட்டும்னுதான் இருந்தேன்" என்றார். கடைத்தெருவில் இறங்கும்போது, பையிலிருந்து தன் வீட்டில் காய்த்த முருங்கைக்காயை எடுத்து சீட்டில் வைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு பார்த்தால் பேசுவார். அந்த விஷயத்தை மட்டும் நாங்கள் இருவரும் தொடவில்லை.

போன வருஷம் மேனேஜரின் அம்மா காலமானார். ஆபிஸிலிருந்து எல்லோரும் சிரம்பானில் அவர் வீட்டுக்குப் போனோம், நானும் கணவருடன் போனேன். உள்ளே யாரோ தேவாரம் பாடிக்கொண்டிருந்தார்கள். முற்றத்தில் கூடாரம் போட்டு நாற்காலிகள் வைத்திருந்தார்கள். கணவர் காரை நிறுத்தப் போயிருந்தார். நான் தனியாக உட்கார்ந்திருந்தபோது மேனேஜர் வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். வேட்டி கட்டி, மேலுக்குத் துண்டு போட்டிருந்தார். வயதாகிவிட்டதுபோல் இருந்தார்.

"வந்ததுக்கு நன்றி" என்றார். பிறகு வாசலைப் பார்த்தபடி சொன்னார்.

"அம்மாவுக்குப் புத்துநோய். கடைசி வரைக்கும் நான் சொல்லல. வயித்துப் புண்ணு, மருந்து சாப்பிட்டா சரியாயிடும்னே சொல்லிட்டு இருந்தேன். தினமும் கேப்பாங்க, தினமும் அதத்தான் சொல்வேன்." என் பக்கம் திரும்பினார். "நீங்களா இருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

அதில் குத்தல் இல்லை. உண்மையாகவே கேட்டார். எனக்கு உடனே என் அம்மாவின் முகம்தான் வந்தது. நல்லவேளையாக அவர் தூக்கத்தில் போய்விட்டார், எதையும் கேட்கவில்லை.

"தெரியல சார்" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். "அவங்களுக்குத் தெரிஞ்சுதான் இருக்கும்னு நினைக்கிறேன்" என்றார். உள்ளேயிருந்து யாரோ கூப்பிடவே எழுந்து போனார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அந்தக் கேள்விக்குப் பதில் தேடிக்கொண்டு வந்தேன். என்ன யோசனை என்று கணவர் கேட்டார், சொன்னேன். அவர், "சில கேள்விய உன்கிட்ட யாரும் கேக்காம இருக்கணும்னு நானும் வேண்டிக்கிறேன்" என்றார். இந்த முறை கேலி செய்யவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை திருப்பலியில், இறந்தவர்களை நினைத்துக்கொள்ளும் இடத்தில் அந்த அம்மாவையும் நினைத்துக்கொண்டேன். பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. எங்கள் சாருடைய அம்மா என்று மட்டும் சொன்னேன்.